ஒழுங்கைக்குள் சத்தமில்லாத கார்

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. சின்ன வயதிலிருந்தே வராது. வாயைத் திறந்தால் கேட்க வேண்டியதற்குப் பதிலாக இன்னொரு சண்டை வரும். அதனால்தான் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் நான் ஒரு வால்வு செய்தேன்.

மானிப்பாய்ப் பக்கத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குத் தண்டு கடைவது, உழவு இயந்திரத்தில் உடைந்ததை ஒட்டிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் கட்டவில்லை. ஒரு இடத்தில் பத்து நிமிடம் இருக்கச் சொன்னால் கால் ஆடத் தொடங்கிவிடும். பந்தியில் இருந்தால் பக்கத்து ஆளின் வாழையிலையும் சேர்ந்து ஆடும். இப்படிப்பட்ட ஒருவனுக்குக் கார் பைத்தியம் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

கார் ஒரு பழைய யப்பான் கார். இரண்டு கதவு, டர்போ எஞ்சின். எடுக்கும்போது நாலு சில்லும் இல்லாமல் கல்லின் மேல் நின்றது. இரண்டு வருடம் அதற்குக் கீழே மல்லாந்து கிடந்து ஓட வைத்தேன். ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகச் சைலென்சரைக் கழற்றிப் பட்டறை மூலையில் எறிந்துவிட்டு, எஞ்சினிலிருந்து பின் பம்பர்வரை ஒரே நேர்க்குழாயாகப் போட்டேன். புகை முட்டாமல் வெளியே போனால் எஞ்சின் லேசாகும், இழுவை கூடும் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். அது கேட்கும்போது மட்டும்தான் என் கால் ஆடாமல் நிற்கும்.

அப்பா விட்டுப்போன காணியை இரண்டாகப் பிரித்து அண்ணை ஒரு பாதியிலும் நான் மறுபாதியிலும் இருக்கிறோம். அண்ணை என்னைவிட எட்டு வயது மூப்பு. பள்ளிக்கூடத்தில் கணித வாத்தியார். பின்னேரங்களிலும் சனிக்கிழமையிலும் வேலியோரம் தகரக் கொட்டிலில் டியூஷன் வகுப்பு. முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். அண்ணைக்கு மைக் தேவையில்லை. அவர் 'ஆகவே' என்று சொன்னால் எங்கள் ஒடுங்கிய தெருவான ஒழுங்கையின் முகப்பில் போகிறவனுக்கும் அடுத்த வரி தெரிந்துவிடும்.

நடுவில் இருக்கும் தகர வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அந்தத் திறப்பால்தான் அண்ணி எனக்குக் கறி அனுப்புவா. பெறாமகள், அதாவது அண்ணையின் ஒரே பிள்ளை, சின்னவளாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பொட்டால் வந்து என் பட்டறைச் சாமான்களைக் களவெடுத்துக்கொண்டு போவாள். எனக்குக் குடும்பம் என்று இருந்தது அந்தப் பொட்டுத்தான்.

நேர்க்குழாய் போட்ட மூன்றாம் நாள் பின்னேரம் நான் ஒழுங்கைக்குள் வந்தபோது அண்ணை வகுப்பை விட்டுவிட்டு வெளியே வந்து காரை மறித்தார். பின்னால் முப்பது பிள்ளைகளும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உதென்ன கோதாரிச் சத்தம்? பிள்ளையள் படிக்கிறது உனக்குத் தெரியேல்லையோ?"

"உங்கடை தொண்டையை விட இது குறைவுதான் அண்ணை."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிப் போனது. அண்ணையின் முகம் சிவந்தது.

"படிக்காமல் ஊர் சுத்தினவனுக்குப் படிப்பின்ரை அருமை என்னண்டு விளங்கும்? உவனும் உவன்ரை காரும்!"

ஏஎல் என்கிற உயர்தரப் பரீட்சையில் நான் கோட்டைவிட்டு இருபது வருடமாகிறது. அதை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் எடுத்துப் போட்டது எனக்குச் சுட்டது. நானும் வாயில் வந்ததைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அகப்பைக்காம்பால் வாயில் போட்டிருப்பா. அன்றைக்கே அண்ணை ஒரு தகரத்தை எடுத்துப் பொட்டுக்கு ஏழு ஆணி அறைந்தார். ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்கவேண்டும் என்றே அறைந்தார். நானும் சும்மா விடவில்லை. அண்ணை, அண்ணி, பெறாமகள் மூன்று பேருடைய நம்பரையும் போனில் தடுத்து வைத்தேன். அண்ணை கேட்கட்டும் என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைச் சத்தமாகச் சொல்லியும் காட்டினேன். அதோடு கதைபேச்சு இல்லை.

எங்கள் ஊரில் இது புதுமை இல்லை. கதையாமல் இருக்கிற சொந்தக்காரர் வேலிக்கு வேலி இருக்கிறார்கள். கதையாவிட்டாலும் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கிணற்றுக் கப்பி எத்தனை மணிக்குக் கத்தியது, மோட்டார் சைக்கிள் எப்போது போனது, எவர் இருமினார், எல்லாம் காதாலேயே எடுத்துக்கொள்வோம். நான் வந்ததும் போனதும் அண்ணை வீட்டாருக்கு அந்தக் குழாய்ச் சத்தத்தால் தெரியும். எனக்கு அண்ணை இருப்பது அவருடைய குரலால் தெரியும். நான் ஒழுங்கைக்குள் நுழையும்போது அண்ணை சொல்லிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் நிறுத்துவார். கார் கொட்டிலுக்குள் போய் எஞ்சின் நின்றபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒன்றரை வருடமாக எங்களுக்குள் இருந்த ஒரே பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

ஒருநாள் பெறாமகள் ஒழுங்கை முகப்பில் சைக்கிளைக் குறுக்கே விட்டு என்னை மறித்தாள். அவள் உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். தகப்பனின் கண், என் வாய்.

"சித்தப்பா, உங்களோடை கதைச்சனெண்டு அப்பாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ."

"நான் அவரோடை கதைச்சால்தானே சொல்லுறதுக்கு."

"பகிடி விடாமல் கேளுங்கோ. உங்கடை கார் வாற நேரம் அப்பா சோக்குக்கட்டியையும் பிடிச்சுக்கொண்டு சும்மா நிப்பார். பெடியள் தங்களுக்கை சிரிப்பாங்கள். அவருக்கு அது எவ்வளவு வெக்கம் தெரியுமே? வீட்டை வந்தால் சாப்பிடவும் மாட்டார்."

கியரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுதும் எந்த வேலையும் ஓடவில்லை. கடைந்த தண்டு இரண்டு தடவை அளவு பிசகியது. அண்ணை சோக்கோடு நிற்கிற கோலம் கண்ணுக்குள் நின்றது. இந்த மனுசன்தான் சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு உடுப்பிட்டியில் மாமா வீடுவரை உழக்கினவர். சரி, குற்றம் என்னுடையது. ஆனால் போய்ச் சொல்ல வேண்டுமே! எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தகரத்தை அண்ணை தன் கையாலேயே கழற்ற வேண்டும். நானாகக் கேட்காமல் அது நடக்க வேண்டும்.

பழைய சைலென்சரைத் திரும்பப் போட்டால் விஷயம் முடிந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அது முடியாது. சத்தம் இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடிக்கும். அதனால் இரண்டும் ஒரே காரில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். சைலென்சருக்கு முன்னால் குழாயில் ஒரு கிளை. கிளையின் வாயில் ஒரு மூடி. மூடி திறந்தால் புகை நேரே வெளியே பாயும், கார் கத்தும். மூடினால் எல்லாம் சைலென்சருக்குள் போய் அடங்கி வெளியே வரும். கார்க்காரர் இதைக் கட்டவுட் என்பார்கள். வாங்கிப் பூட்டவும் கிடைக்கும். அடுத்தவன் செய்த வால்வைப் பூட்டி என் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்பதா? நானே செய்வேன்.

சீமெந்துப் பையைக் கிழித்து அதன் உட்புறத்தில் வரையத் தொடங்கினேன். முதலாவது கிளையைச் செங்குத்தாக ஒட்டினேன். புகை ஓடுகிற வேகத்தில் அந்த மூலையில் திரும்பவில்லை, திறந்தால் ஊளையிட்டது. வெட்டி எறிந்தேன். இரண்டாவது, ஓட்டத்தோடு சரிந்து பிரிகிற மாதிரிக் கிளையை முப்பது பாகையில் வைத்தேன். இப்போது சத்தம் வந்தது, நல்ல சத்தம். ஆனால் மூடி சனியன் பிடித்தது. குழாய்க்குள்ளேயே நடுத்தண்டில் சுழலும் வட்டத் தகடாகச் செய்திருந்தேன். குளிரில் நன்றாகச் சுழன்றது. சூடேறியதும் தகடு விரிந்து குழாயைக் கவ்விக்கொண்டது. இடைவெளி கொஞ்சம் விட்டால் மூடியிருக்கும்போதும் ஓரத்தால் 'புஸ் புஸ்' என்று கசிந்தது. அப்படிக் கசிந்தால் அண்ணைக்குக் கேட்கும். மூன்று தகடு கடைந்தேன், மூன்றையும் பட்டறைக் கூரைமேல் எறிந்தேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து, "தம்பி, உமக்கு ஏதும் பேய் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. சாப்பாட்டுப் பார்சலின் கடதாசியிலும் அதைத்தான் வரைந்தேன். கடைசியில் தகட்டை உள்ளே வைக்கும் யோசனையை விட்டேன். வெளியிலிருந்து குழாயின் வாயில் வந்து அமர்கிற மூடியாகச் செய்தேன், அடுப்பில் கேத்திலுக்கு இருக்கிற மூடிபோல. சூட்டில் விரிந்தாலும் எதையும் கவ்வாது. அமரும் விளிம்பை லேத்தில் சாய்வாகக் கடைந்து, மூடியைப் பொருத்தி, மாவரைக்கிற மாதிரி இரண்டையும் கையால் தேய்த்துத் தேய்த்து ஒட்ட வைத்தேன். காருக்குள் முன் சீற்று இரண்டுக்கும் நடுவே ஒரு லிவர். லிவரிலிருந்து மூடிக்கு மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள். இழுத்தால் திறக்கும்.

பிறகுதான் பெரிய கேள்வி. கேபிள் ஒருநாள் அறும். அறுந்தால் மூடி எந்தப் பக்கம் போக வேண்டும்? எஞ்சினை நேசிக்கிறவன் திறந்தபடி நிற்கட்டும் என்பான். நான் மூடிக்கொள்ளட்டும் என்றேன். உழவு இயந்திரத்திலிருந்து எடுத்த தடித்த ஸ்பிரிங் ஒன்றைப் போட்டேன். லிவரை இழுத்துப் பிடித்திருக்கும்வரைதான் சத்தம். விட்ட கணமே மூடி அறைந்து சாத்தும். கை மறந்தாலும், கேபிள் அறுந்தாலும், நான் செத்தாலும் அந்தக் கார் ஒழுங்கைக்குள் கத்தாது. அதை நினைக்க எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது. போதாததற்குச் சைலென்சரையும் பிளந்து இரட்டிப்பாகக் கண்ணாடிப் பஞ்சு அடைத்தேன்.

சோதித்தது எப்படி என்று சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை, அண்ணை திரிகோண கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். நான் மூடி சாத்தியபடி ஒழுங்கைக்குள் வந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். அண்ணையின் குரல் நிற்கவில்லை. 'ஆகவே சைன் தீற்றா...' என்று போய்க்கொண்டே இருந்தது. கார் கொட்டில் என் வீட்டின் பின்பக்கம். அங்கே கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். குரல் அசையவே இல்லை. எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையாலும் அடித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்காக நிற்கும் அந்த இடைவெளி இல்லாமல் போனது கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. சீ, இதென்ன விசர்க் கதை என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

அண்ணை கவனிப்பார், ஒரு கிழமையில் தகரம் கழரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு கிழமை போனது. இரண்டாம் கிழமை போனது. காலையில் எழும்பியதும் பொட்டைப் பார்ப்பேன். ஏழு ஆணியும் அப்படியே இருக்கும். எனக்கு எரிச்சல் ஏறத் தொடங்கியது. ஒரு மனுசன் உனக்காக இவ்வளவு செய்திருக்கிறான், உனக்கு நன்றி இல்லையா? கார் சத்தம் போடுகிறது என்று ஓடி வந்து மறிக்கத் தெரிந்தவருக்குச் சத்தம் போடவில்லை என்று ஓடி வரத் தெரியாதா? இப்படி உள்ளுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் வல்லை வெளிக்குப் போனேன். புத்தூர் தாண்டிப் போனால் இரண்டு பக்கமும் வீடு வாசல் இல்லாத உவர் வெளி. றோட்டு வெறுமையாகக் கிடந்தது. லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். ஐயோ, அந்தச் சத்தம்! நெஞ்சாங்கூட்டுக்குள் இருந்து வந்தது. கை வலிக்கும்வரை விடவில்லை. சனிக்கிழமைகளில் வல்லைக்குப் போனால் வழக்கமாகப் பொழுதுபட்ட பிறகுதான் வீடு வருவேன், அது அண்ணை வீட்டாருக்கும் தெரியும். அன்று கை வலித்ததால் லிவரின் நீளத்தைக் கூட்ட வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. யோசனை வந்தால் எனக்கு நிற்க ஏலாது. நேரே திரும்பினேன். ஒழுங்கை முகப்பில் லிவரை விட்டேன். மூடி சாத்தியது. பூனைமாதிரி உள்ளே வந்து, பின் கொட்டிலில் விட்டுவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து வரையத் தொடங்கினேன். மூன்றரை மணி.

அண்ணையின் குரல் கேட்கவில்லை. இன்றைக்கு வகுப்பில்லைபோல என்று நினைத்தேன். ஏதோ ஒரு சட்டி விழுந்து உருண்டது. அண்ணியின் குரல் ஏறி இறங்கியது. எனக்கென்ன? தகரம் அடித்தவை தகரத்துக்கு அந்தப் பக்கம் என்னவாவது செய்யட்டும். வேலியோரம் ஆரோ ஓடி வந்து நின்றமாதிரி இருந்தது. பிறகு வாசல் படலை அடித்தது. பெறாமகள் செருப்பில்லாமல் ஒழுங்கையால் ஓடுகிற சத்தம் கேட்டது. வகுப்புக்குப் பிந்திவிட்டாள் என்று நினைத்தேன். செருப்பில்லாமல் எந்தப் பிள்ளை வகுப்புக்குப் போகும்? அது மண்டையில் ஏறவில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் கழித்து ஒரு ஓட்டோ வந்து போனது. அந்த நேரம் முழுதும் நான் அங்கேதான் இருந்தேன். லிவருக்கு இரண்டு அங்குலம் கூட்டினேன்.

ஐந்தரைக்குச் சந்திக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் கேட்டார்.

"தம்பி, அண்ணைக்கு இப்ப என்ன மாதிரி?"

"எந்த அண்ணைக்கு?"

அந்த மனுசன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"உம்மடை அண்ணைக்குத்தான். வாத்தியாருக்கு. வகுப்பை முடிச்சுப் பிள்ளையளை அனுப்பிப்போட்டு நிண்டவர், அப்பிடியே விழுந்திட்டாராம். ஒரு பக்கம் இழுத்துப்போட்டுதாம். மகள் பெட்டை ஓட்டோ தேடி இஞ்சை நிண்டு அழுதது."

பெரியாஸ்பத்திரிக்கு எந்த வழியால் போனேன் என்று தெரியாது. வார்ட்டுக்கு வெளியே பெறாமகள் சுவரோடு நின்றாள். காலில் செருப்பு இல்லை. உள்ளங்கால் வெட்டி இரத்தம் காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள்.

"சித்தப்பா, வல்லையிலையிருந்து இப்பதான் வாறியளோ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஓம் என்ற ஒரு சொல் போதும். வரவில்லை.

"மூண்டரைக்கே வீட்டை வந்திட்டன் பிள்ளை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. சட்டையைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

"இல்லை. நீங்கள் வரேல்லை. நான் வேலியிலை காதை வைச்சுக் கேட்டனான். ரெண்டு தரம் கேட்டனான். கார் வந்த சத்தம் இல்லை. இந்த ரெண்டு மூண்டு கிழமையா நீங்கள் வாறதே எங்களுக்குத் தெரியிறேல்லை. அம்மா சொன்னவ, சித்தப்பா நிண்டானெண்டால் இப்பவே ஏத்திக்கொண்டு போயிடுவான், அவன் சண்டையெல்லாம் பாக்க மாட்டான் எண்டு. போனும் அடிச்சனான். அது போகேல்லை."

பிறகு அவள் சட்டையை விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பதற்றத்தில் ஆம்புலன்ஸ் என்ற நினைவு ஒருவருக்கும் வரவில்லையாம். வெயில் அடித்திருக்கிறது என்று முதலில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். முந்தி வந்திருந்தால் எவ்வளவு வித்தியாசம் இருந்திருக்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். கொஞ்சம் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். அந்த 'இருக்கலாம்' இன்னும் என்னைப் படுக்க விடவில்லை. அண்ணைக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. உயிர் தப்பியது. பேச்சுப் போய்விட்டது. முப்பது பிள்ளைகளுக்குக் கேட்ட அந்தத் தொண்டையிலிருந்து இப்போது 'ஆ' என்று ஒன்றுதான் வருகிறது. 'ஆகவே'யின் ஆவாக இருக்கும் என்று அண்ணி சொல்வா.

அடுத்த நாள் காலையில் தகரத்தை நானே கழற்றினேன். ஆணி துருப்பிடித்திருந்தது. ஏழையும் பிடுங்க இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அண்ணி அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தா, ஒரு சொல் ஏசவில்லை. கடைசி ஆணிக்கு அவவே வந்து தகரத்தைப் பிடித்தா. போனில் தடுத்த நம்பர்களையும் அன்றுதான் திறந்தேன். பெறாமகள் நாலு நாளாக என்னோடு கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் கறிக் கிண்ணத்தோடு பொட்டால் வந்து, "இதையெண்டாலும் சுடச்சுடத் தின்னுங்கோ," என்று வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன்.

இப்போது கிழமைக்கு மூன்று நாள் அண்ணையை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு நான்தான் ஏற்றிப் போகிறேன். அந்த உயரம் குறைந்த சீற்றில் அவரை இருத்தி எடுப்பது பெரும்பாடு. காருக்குள் நான்தான் கதைத்துக்கொண்டிருப்பேன். வாயில் வந்ததெல்லாம் கதைப்பேன்: வெங்காய விலை, லேத்து பெல்ட், அரசாங்கம். சொல்ல வேண்டியதை மட்டும் இரண்டு மாதமாகச் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது, சந்தி கழிந்ததும், றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அண்ணை, இந்தக் காரின்ரை சத்தத்தை நான் உங்களுக்காகத்தான் நிப்பாட்டினனான். நடுவிலை இருக்கிற இந்த லிவரை இழுத்தால்தான் இப்ப கத்தும். வகுப்புக் குழம்பக் கூடாதெண்டு. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டிட்டன். அண்டைக்கு நீங்கள் விழுந்த நேரம் நான் வீட்டிலைதான் இருந்தனான்."

அண்ணை தெரிந்துதான் இருந்தது என்பதுபோல நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கை முகப்பு வந்தது. நான் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன்.

அப்போது அண்ணை இடக்கையைத் தூக்கினார். விளங்காத வலக்கையின் மேலால் உடம்பைத் திருப்பி, நடுவில் இருந்த லிவரைத் தடவித் தடவிப் பிடித்தார். இழுத்தார். அந்த ஸ்பிரிங்கை இழுக்க எனக்கே கை வலிக்கும். அவருக்கு நரம்பெல்லாம் புடைத்தது.

கார் கத்தியது. எங்கள் ஒழுங்கைக்குள், ஆளில்லாத டியூஷன் கொட்டிலைத் தாண்டி, இரண்டு வேலிகளும் அதிரக் கத்தியது. கோழிகள் பறந்தன. நான் அவர் கையை எடுத்துவிடப் போனேன். "ஆ!" என்று அதட்டினார். பழைய அதட்டல்தான். அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது, என்னுடையதாலும் ஓடியது. வீடு வரும்வரை அவர் லிவரை விடவில்லை.

கார் நிற்க முன்னமே பெறாமகள் ஓடிவந்து படலையைத் திறந்துவிட்டாள்.